கடல்நீர் மீன் தொட்டிக்கு முதல் மீன்களைத் தேர்ந்தெடுத்தல்

கடல்நீர் மீன் தொட்டி என்பது கடல் மீன்களை வீட்டில் வளர்ப்பதற்காக, கடல்நீரை ஒத்த உப்புநீர் நிரப்பிப் பராமரிக்கப்படும் கண்ணாடித் தொட்டி ஆகும். புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே மீன் வாங்குகின்றனர். ஆனால் ஒரு மீன் தொட்டியில் பிழைக்குமா என்பதை அதன் முழு வளர்ச்சி அளவு, உணவு, குணம், அது எங்கிருந்து வந்தது ஆகிய நான்குமே முடிவு செய்கின்றன.

மீனுக்கு முன் நீர்

மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களுக்கு நஞ்சாகும். ஒரு வகை பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நச்சுத்தன்மை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை தொட்டியில் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் எனக் காட்டிய பின்னரே மீனை விட வேண்டும். நீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.026 வரையும், வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசு வரையும் இருப்பது நல்லது. சிறிய தொட்டியில் நீரின் தன்மை விரைவில் மாறிவிடும் என்பதால், 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி தொடக்கநிலையினருக்கு எளிது.

ஏற்ற மீன்கள்

* கோமாளி மீன்: ஏறக்குறைய 8 முதல் 10 செ.மீ. வரை வளரும். உலர் உணவையும் உண்ணும். தொட்டியில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இயற்கையில் கடல் சாமந்தியோடு சேர்ந்து வாழ்ந்தாலும், தொட்டியில் அது கட்டாயமில்லை.
* பங்காய் கார்டினல் மீன்: இந்தோனேசியாவின் பங்காய் தீவுப் பகுதிக்கு உரியது. அமைதியானது. ஆண் மீன் முட்டைகளை வாயில் அடைகாக்கும்.
* உளுவை மீன்கள்: சிறியவை. தரையையொட்டி வாழ்பவை. சில இனங்கள் ஒருவகை இறாலுடன் ஒரே வளையில் குடியிருக்கும்.

தவிர்க்க வேண்டியவை

நீல டாங் மீன், 2003 இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தால் புகழ்பெற்றது. ஆனால் அது சுமார் 30 செ.மீ. வரை வளரும். நீந்த நீண்ட இடம் தேவை. வெண்புள்ளி நோயும் எளிதில் தொற்றும். மாண்டரின் மீன் பெரும்பாலும் உயிருள்ள நுண்ணிய ஓடுடைய உயிரிகளையே உண்பதால், புதிய தொட்டியில் பட்டினியால் இறந்துவிடும். சிங்க மீனின் முட்களில் நஞ்சு உண்டு. சிறிய மீன்களையும் அது விழுங்கிவிடும். டேம்சல் மீன்கள் விலை குறைந்தவை, உறுதியானவை. எனினும் பல இனங்கள் தம் இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னர் வரும் மீன்களைத் துரத்திக் கடிக்கும்.

பண்ணையில் பிறந்த மீன்கள்

பவளப்பாறைகளில் பிடிக்கப்படும் மீன்களில் பல, பயணத்திலேயே நலிந்துவிடுகின்றன. தென்கிழக்காசியாவின் சில பகுதிகளில் சயனைடு பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் தடைசெய்யப்பட்ட முறையும் இருந்து வருகிறது. இது பவளங்களையும் அழிக்கிறது. பங்காய் கார்டினல் மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், 2007 இல் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. பண்ணையில் பிறந்த மீன்களோ தொட்டி வாழ்வுக்கும் உலர் உணவுக்கும் பழகியவை. தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கோமாளி மீன்களைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்துள்ளது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மீன் உணவு உண்பதைக் கடையிலேயே காட்டச் சொல்ல வேண்டும்.
2. வெண்புள்ளி, கிழிந்த துடுப்பு, ஒட்டிய வயிறு, வேகமான மூச்சு உள்ள மீனை வாங்கக் கூடாது.
3. புதிய மீனைத் தனித் தொட்டியில் 2 முதல் 4 வாரங்கள் வைத்துக் கவனிக்க வேண்டும்.
4. ஒரே நேரத்தில் பல மீன்களை விடாமல், சில வார இடைவெளியில் ஒன்றிரண்டாகச் சேர்க்க வேண்டும். சாதுவான மீன்களை முதலிலும், இடத்துக்குச் சண்டையிடும் மீன்களைக் கடைசியிலும் விட வேண்டும்.