முப்பது தடங்களில் உறங்கிய குரல்கள்

1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள் மனிதன் நிலவில் இறங்கியபோது, உலகம் செவிமடுத்தது ஒரேயொரு உரையாடலைத்தான். விண்கலத்திலிருந்த வீரர்களும், அவர்களோடு பேசுவதற்கென ஹூஸ்டன் நகரில் அமர்த்தப்பட்டிருந்த ஒருவரும் பேசிக்கொண்டதே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. ஆனால் அதே வேளையில் கட்டுப்பாட்டு நிலையத்தின் பல அறைகளில் நூற்றுக்கணக்கான பொறியியலார் தலையில் ஹெட்போன் அணிந்து, தங்களுக்குள் ஓயாது பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் எரிபொருளைக் கவனிப்பார். ஒருவர் வீரர்களின் நாடித்துடிப்பைக் கவனிப்பார். ஒருவர் கணிப்பொறியைக் கவனிப்பார். இவர்களது பேச்சு முழுவதும் ஒலிநாடாக்களில் பதிவாகிக்கொண்டே இருந்தது.

அப்பேச்சின் மதிப்பை உணர ஒரு நிகழ்ச்சி போதும். நிலவின் தரையை நெருங்கும் வேளையில், கலத்தின் கணிப்பொறி 1202 என்ற அபாய எண்ணைக் காட்டியது. அதன் பொருள் வீரர்களுக்கு விளங்கவில்லை. இறங்குவதா, திரும்பிவிடுவதா என்ற முடிவை உடனே எடுத்தாக வேண்டும். வழிகாட்டும் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ் என்பவருக்கு அப்போது வயது 26. பின்னறையில் இருந்துகொண்டு அவருக்கு உதவிய ஜாக் கார்மனுக்கு வயது 24. ஒத்திகை ஒன்றில் இத்தகைய எண் தோன்றிக் குழப்பம் விளைந்திருந்தபடியால், கார்மன் அவ்வெண்கள் அனைத்தையும் தம் கைப்படவே ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருந்தார். இந்த எண் இடைவிடாமல் வராவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை என்று அவர் கூற, அச்சொல் பேல்ஸ் வழியாக மேலே சென்றது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் விண்கலத்திற்குப் பதில் போய்ச் சேர்ந்தது. உலகம் கேட்டது அந்தப் பதிலை மட்டுமே.

இத்தகைய பின்னறைப் பேச்சுகளைத் தாங்கிய நாடாக்கள் பிற்காலத்தில் என்னவாயின? நல்ல வேளையாக அவை அழியவில்லை. ஆயினும் அவற்றைக் கேட்பதற்குத்தான் வழியில்லாதிருந்தது. நாம் அறிந்த கேசட்டில் பக்கத்திற்கு இரண்டாக நான்கு தடங்கள் வரை இருக்கும். இந்த நாடாக்களிலோ ஒன்றன் அருகே ஒன்றாக 30 தடங்கள்! ஒரு நாடா ஓடி முடிய ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். இவற்றை ஓட்டவல்ல கருவியோ ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தில் இருந்த 'சவுண்ட்ஸ்கிரைபர்' என்னும் 1960களின் பழைய இயந்திரம் ஒன்றுதான். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு தடத்தை மட்டுமே படிக்கும். அடுத்த தடத்திற்குப் போக வேண்டுமானால் கைப்பிடியைச் சுழற்றி, ஒலி படிக்கும் தலையை நகர்த்தியாக வேண்டும். அப்பல்லோ 11 பயணத்தின் நாடாக்களை மட்டும் இம்முறையில் படியெடுக்கவே குறைந்தது 170 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார் ஜான் ஹேன்சன் என்ற பேராசிரியர்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் பிரிவில் பணியாற்றும் அவரும் அவருடைய குழுவினரும், அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2012ஆம் ஆண்டில் வழங்கிய நிதியுதவியோடு இப்பணியை மேற்கொண்டனர். அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஆனால் செய்து முடிப்பது கடினமானது. முப்பது தடங்களையும் ஒருசேரப் படிக்கும் புதிய தலையொன்றைச் செய்வித்து அந்தப் பழைய இயந்திரத்திலேயே பொருத்தினர். பல தலைமுறைகள் செய்ய வேண்டிய வேலை சில மாதங்களில் முடிந்தது. அப்பல்லோ 11 முழுவதும், வேறு சில பயணங்களின் பதிவுகளுமாக ஏறத்தாழ 19,000 மணி நேர ஒலி 2018ஆம் ஆண்டிற்குள் மீட்கப்பட்டுப் பொதுமக்கள் கேட்கும்படி வெளியிடப்பட்டது. ஜாக் கார்மனோ 2016இலேயே காலமாகிவிட்டார்.

இதே பயணத்தின் வேறொரு பதிவுக்கு நேர்ந்த கதியை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. நிலவிலிருந்து வந்த தொலைக்காட்சிப் படம், நாம் கண்ட மங்கலான வடிவில் வரவில்லை. அதைவிடத் தெளிவாக வந்து, தரவு நாடாக்களில் பதிவாகியிருந்தது. ஒளிபரப்புக்கென மாற்றியபோதுதான் அது தெளிவை இழந்தது. அந்த மூல நாடாக்களைப் பல ஆண்டுகள் தேடிய நாசா, வெற்று நாடாவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில் அவை அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 2009ஆம் ஆண்டில் வந்தது. அழித்தவர்கள் தீங்கு எண்ணியவர்கள் அல்லர். நாடாவைச் சிக்கனமாகச் செலவிட்டவர்கள்தாம்.

நாமும் இதைச் செய்யாதவர்களா என்ன! வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் கடிதத்திற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அதன்மேலேயே திரைப்படப் பாடலைப் பதிந்துவிட்ட வீடுகள் எத்தனை! எஞ்சியவை இன்னும் பல இல்லங்களில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

கிடைத்த நாடாவை உடனே ஏதேனும் ஒரு பழைய கருவியில் போட்டுப் பார்க்க வேண்டாம். முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய ஸ்பூல் நாடாவில் காடி வாடை வீசினால், அது அசிடேட் வகை. சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட சில ஸ்பூல் நாடாக்களில் வேறொரு நோய் உண்டு. காந்தத் துகளை நாடாவோடு பிணைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும். குரலும் அதனோடு போய்விடும். இத்தகைய நாடாவைத் தொழில் அறிந்தவர்கள் ஏறத்தாழ 54 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை நீக்கி, உடனே படியெடுத்துவிடுவர். சில வாரங்களில் ஈரம் திரும்பவும் ஏறிவிடும் ஆதலால் தாமதிக்க இயலாது. அசிடேட் நாடாவைச் சூடேற்றவே கூடாது. ஆகவே இதை வீட்டு அடுப்பில் செய்து பார்ப்பது தகாது.

கேசட்டைப் பொறுத்தமட்டில் அச்சம் குறைவு. உள்ளே நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும். நாடா கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். நாடாவை அப்படியே மற்றொரு கேசட்டின் கூட்டிற்குள் மாற்றிப் போடலாம். கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரு சிறு தடுப்புகளையும் உடைத்துவிட்டால், யாரும் தவறுதலாக அதன்மேல் பதிய முடியாது. படியெடுத்தபின் மூல நாடாவையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. நாளை இதைவிட நன்றாகப் படிக்கும் கருவி வரக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. அப்பல்லோ நாடாக்களில் எந்தக் குரல் யாருடையது, எந்த நேரத்தில் பேசியது என்று கண்டறியக் கணிப்பொறிக்குத் தனியாகப் பயிற்சி அளிக்க வேண்டியிருந்தது. நம் வீட்டு நாடாவிற்கு அவ்வளவு பாடு தேவையில்லை. பாட்டியை அருகில் அமர்த்திக்கொண்டு நாடாவை ஓடவிட்டு, ஒவ்வொரு குரலும் யாருடையது என்று கேட்டு, பெயரையும் ஊரையும் ஏறத்தாழ ஆண்டையும் உறையின் மேல் பென்சிலால் எழுதி வைத்துவிடலாம்.