பிறர் வழக்கங்களை மதித்தல் (கிறித்தவம்)

பிறர் வழக்கங்களை மதித்தல் என்பது, வேறு சமயத்தவரின் அல்லது வேறு முறையில் வாழும் கிறித்தவர்களின் உணவு, உடை, விழா, திருமணம், நீத்தார் கடன் முதலிய நடைமுறைகளைக் கிறித்தவர் எவ்வாறு அணுக வேண்டும் என்பது பற்றிய சிந்தனை ஆகும். எதை ஏற்கலாம், எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதை மறுக்க வேண்டும் என்ற கேள்விகள் இதில் அடங்கும். திருச்சபை தோன்றி ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குள்ளேயே இக்கேள்வி எழுந்துவிட்டது. தமிழகத்தில் இது 17, 18ஆம் நூற்றாண்டுகளில் 'மலபார் சடங்குகள்' சர்ச்சையாக வெடித்தது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ் மொழியையும் 'மலபார்' என்றே குறிப்பிட்டதால் இப்பெயர் வந்தது. இன்றைய கேரளத்தோடு மட்டும் அதைப் பொருத்திப் பார்ப்பது தவறு.

விவிலியப் பின்னணி

முதல் கிறித்தவர்கள் யூதர்கள். யூதரல்லாதோர் இயேசுவை ஏற்றபோது, அவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டப்படி உண்டு வாழ வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. எருசலேமில் கூடிய சங்கம் அவ்வளவு பெரிய சுமையை அவர்கள்மேல் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்து, சிலைகளுக்குப் படைத்தவற்றையும் இரத்தத்தையும் தவிர்ப்பது போன்ற சிலவற்றை மட்டும் கேட்டுக்கொண்டது (திருத்தூதர் பணிகள் 15). ஒரு சமயத்தில் சேர அச்சமயத்தைக் கொண்டுவந்தவரின் இனத்திலும் சேர வேண்டியதில்லை என்பதே இம்முடிவின் பொருள்.

பவுலின் நடைமுறை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு முரணாகத் தோன்றும். யூதத் தாய்க்குப் பிறந்த திமொத்தேயுவுக்கு, அவ்வூர் யூதர்களை முன்னிட்டு அவர் விருத்தசேதனம் செய்வித்தார். கிரேக்கரான தீத்துவுக்கு அதே சடங்கு வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது மறுத்துவிட்டார். சடங்கு ஒன்றுதான். முதலாவது, பிறர் மனம் நோகாதிருக்கத் தாமாகச் செய்தது. இரண்டாவது, மீட்புக்கு அது கட்டாயம் என்று சொல்லிக் கேட்கப்பட்டது.

கொரிந்து நகரில் சிக்கல் இன்னும் அன்றாடமானது. சந்தையில் விற்ற இறைச்சியில் கோவில் பலியிலிருந்து வந்ததும் இருக்கும். சிலை என்பது ஒன்றுமில்லை, ஆகவே உண்பதில் குற்றமில்லை என்று பவுல் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதைப் பார்த்து மனச்சான்று வலுவற்ற ஒருவர் தடுமாறுவார் என்றால் இறைச்சியையே விட்டுவிடலாம் என்கிறார் (1 கொரிந்தியர் 8). அதே சமயம் கோவில் பலியில் பங்குகொள்வதை அவர் ஏற்கவில்லை (1 கொரிந்தியர் 10).

அந்தியோக்கியாவில் நடந்தது வேறு வகை. யூதரல்லாத கிறித்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார் (கலாத்தியர் 2). உணவு விஷயத்தில் இவ்வளவு விட்டுக்கொடுத்தவர், பந்தி பிரிந்தபோது ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. பிற்காலத் தமிழகத்துச் சர்ச்சையைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்ச்சியே சரியான திறவுகோல். ஆனால் அச்சர்ச்சையில் இரு தரப்பினரும் கையில் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் மற்ற பகுதிகள்தாம்.

மதுரையில் ராபர்ட் தெ நொபிலி

இத்தாலியரான இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி (1577–1656) 1606இல் மதுரை வந்தார். அங்கு அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியத் துறவி பல ஆண்டுகளாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவக் கிறித்தவர்களும் போர்த்துக்கீசியரும் அவர் பராமரிப்பில் இருந்தனர். மதுரை நகரத்தாரில் எவரும் அவரிடம் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. கிறித்தவம் அங்கே 'பரங்கி மார்க்கம்' என்றே அறியப்பட்டது. பரங்கி என்ற சொல் மாட்டிறைச்சியும் மதுவும் உட்கொள்ளும், தூய்மை பேணாத அந்நியன் என்ற இழிவை ஏந்தியிருந்தது.

நொபிலி தம்மைப் பரங்கி அல்லர் என்று அறிவித்தார். காவி உடுத்து, மரப் பாதுகை அணிந்து, புலால் மறுத்து, தனி இல்லத்தில் துறவியாக வாழ்ந்தார். சிவதர்மா என்ற தெலுங்குப் பிராமணரிடம் வடமொழி கற்றார். தமிழில் உரைநடை நூல்கள் பல எழுதினார். 'தத்துவ போதகர்' என்று அழைக்கப்பட்டார்.

அவரது வாதத்தின் மையம் ஒரு பாகுபாடு. பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை ஒருவரின் குலத்தையும் கல்வித் தகுதியையும் காட்டும் சமூக அடையாளங்கள். தெய்வ வழிபாடு அல்ல. வழிபாட்டுச் செயலை நீக்கிவிட்டு மற்றதை அவரவர் வழக்கப்படி விட்டுவிடலாம் என்றார். பெர்னாண்டஸ் இதை ஏற்காமல் மேலிடத்துக்கு முறையிட்டார். 1619இல் கோவாவில் கூடிய ஆய்வுக் கூட்டத்தில் பேராயர் கிறிஸ்தோவோ தெ சா நொபிலிக்கு எதிராக நின்றார். விவகாரம் உரோமை சென்றது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி, மூட நம்பிக்கைக்குரியவற்றைக் களைய வேண்டும் என்ற நிபந்தனையோடு அவ்வழக்கங்களை அனுமதித்தார்.

நொபிலியின் பாகுபாடு கூர்மையானது. ஆனால் ஒரு கேள்விக்கு அதில் விடை இல்லை. மதிக்கப்பட்டவை யாருடைய வழக்கங்கள்? உயர்குலத்தார் மனம் கோணாதிருக்க, அவர் பரதவக் கிறித்தவர்களிடமிருந்தும் சக துறவியான பெர்னாண்டஸிடமிருந்தும் வெளிப்படையாக விலகி வாழ நேர்ந்தது. சாதியைச் சமூக ஏற்பாடு மட்டுமே என்று வகைப்படுத்தியதும், அது சமயக் கண்டனத்துக்கு அப்பால் போய்விட்டது. 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமியாக உடையணிந்து ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே பணியைத் தொடங்கினார். இதனால் அவர்களுக்கும் குருக்கள் கிடைத்தனர். ஆயினும் குருக்களே இரு வகையாகப் பிரிந்தனர்.

தூர்னோன் ஆணை

1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணையில், புதுச்சேரிக்கு வந்திருந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் பல வழக்கங்களைத் தடை செய்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருமணத்தில் தேங்காய் உடைத்தல், பூப்பு நீராட்டு விழா, கிறித்தவ இசைக் கலைஞர்கள் கோவில்களில் வாசித்தல் முதலியன அதில் அடங்கும். தமிழ்க் குடும்பங்களின் மங்கல வாழ்வையே தொட்ட இவ்வாணை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

ஆனால் அதே ஆணையில் வேறு சிலவும் இருந்தன. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களை ஒப்புரவு அருட்சாதனத்திலிருந்து விலக்கக் கூடாது. நோயுற்ற பறையர் கிறித்தவர்களுக்கு அவர்கள் வீட்டுக்கே சென்று அருட்சாதனங்களை வழங்க மறுக்கக் கூடாது. தமிழ்ப் பண்பாட்டை அறியாதவர் என்று தூர்னோனைப் பலர் சாடுவது நியாயமே. இருந்தாலும் சாகும் நிலையில் இருப்பவரின் குடிசை வாசலில் நின்றுவிடுவதை 'வழக்கம்' என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1744இல் 14ஆம் பெனடிக்ட் தடைகளை உறுதிப்படுத்தினார். ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கும் இடம் கொடுத்தார். இச்சடங்குகளுக்கு எதிராக மறைப்பணியாளர் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது. சீனாவில் முன்னோர் வணக்கம், கன்பூசியஸ் வணக்கம் பற்றி எழுந்த இணையான சர்ச்சையில் 1742இல் வந்த தடை 1939இல் தளர்ந்தது.

சீர்திருத்தத் திருச்சபைகளில்

1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி விரிவான நூல் ஒன்றை 1713இல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். மறைப்பணியாளரின் வேலை புறச்சமயத்தை ஒழிப்பதே, அதை ஐரோப்பாவில் பரப்புவதன்று என்று கருதிய ஹாலே நகரத்து மேலாளர் அதை வெளியிடவில்லை. அது 1867இல்தான் அச்சேறியது.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இச்சிந்தனையின் இரு முகங்களையும் ஒரே ஆளில் காட்டுகிறார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவர், விழாக்களில் பூ அணிவதையும் ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளையும் புதிதாக வந்த மறைப்பணியாளர்கள் தடுத்தபோது எதிர்த்து எழுதினார். நற்கருணைப் பந்தியில் சாதி வேறுபாடின்றி அமரச் சொன்னதையும் அதே மூச்சில் எதிர்த்தார். அவர் பார்வையில் எல்லாமே தமிழர் வழக்கம். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதிக்கு இடமில்லை என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. அந்த விஷயத்தில் சாஸ்திரியாரே வென்றார்.

கத்தோலிக்கத் தரப்பிலும் இதே சிக்கல் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமர இரு பகுதிகளாக அமைந்திருந்தது. 1910இல் பங்குத்தந்தை கௌசானல் நடுவிலிருந்த தடுப்பை அகற்றினார். பிரிவினையைத் தம் உரிமையாகக் கருதியவர்கள் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது.

இன்றைய நடைமுறை

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு அறிக்கை, பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமும் ஆனவற்றைக் கத்தோலிக்கத் திருச்சபை மறுப்பதில்லை என்று கூறியது. இன்று பல ஆலய வளாகங்களில் பொங்கல் வைக்கப்படுகிறது. திருவிழாக்களில் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் உண்டு. பொட்டு, பூ, நகை ஆகியவற்றில் சபைக்குச் சபை வழக்கம் மாறுகிறது. கத்தோலிக்கப் பெண்கள் பலர் பொட்டு வைக்கின்றனர்; பெந்தெகொஸ்தே சபையார் பலர் நகையையே தவிர்க்கின்றனர்.

அன்றாடத்தில் அதிகம் எழும் கேள்வி ஆயுத பூஜைப் பொரியும் கோவில் பிரசாதமும் பற்றியது. அண்டை வீட்டார் தருவதை வாங்கலாமா? விருந்துக்கு அழைத்தால், பரிமாறுவது எதையும் கேள்வி கேட்காமல் உண்ணலாம். இது படைக்கப்பட்டது என்று யாரேனும் குறிப்பிட்டால் அவரை முன்னிட்டுத் தவிர்க்கலாம் என்பது 1 கொரிந்தியர் 10இல் உள்ள அறிவுரை. சிலர் இதன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு வாங்கி உண்கின்றனர். சிலர் இரண்டாம் பாதியைச் சொல்லி மறுக்கின்றனர். கைநீட்டி வாங்கி நன்றி சொல்லிவிட்டு உண்ணாமல் வைத்துவிடுவோரும் உள்ளனர்.