சைடு ஸ்டாண்டு புதைந்த கதை – மொஹாவேயின் கறுப்புத் தரை பற்றி ஒரு குறிப்பு

கலிஃபோர்னியாவில் பேக்கர் என்றொரு சின்ன ஊர். 134 அடி உயர தெர்மாமீட்டர் ஒன்றை நட்டுவைத்திருப்பார்கள். டெத் வேலியில் 1913-ல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக. அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு தெற்கே கெல்பேக்கர் சாலையில் திரும்பினால், அப்புறம் மொஹாவே காப்பகம் முடியும்வரை பெட்ரோல் கிடையாது. சிறிய டேங்க் உள்ள பைக் என்றால் யோசித்துத்தான் இறங்கவேண்டும்.

கொஞ்ச தூரத்திலேயே சிமா எரிமலைக்களம் வந்துவிடுகிறது. சுமார் 40 சிண்டர் கூம்புகள், 60-க்கும் மேற்பட்ட லாவா ஓட்டங்கள். பழையவை 76 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை. கடைசியாக வந்தவை ஏறக்குறைய 10,000 ஆண்டு. இளைய ஓட்டம் கரடுமுரடாக, உழுத களிமண் காய்ந்து கறுத்த மாதிரி இருக்கும். நடந்தாலே ஷூ கிழியும். பழைய ஓட்டங்களின் மேல்பகுதியோ தார் போட்ட மைதானம் போல வழவழவென்று, கறுப்புக் கற்கள் பக்கத்தில் பக்கத்தில் பதித்துவைத்தது போல இருக்கும். டெசர்ட் பேவ்மெண்ட் என்கிறார்கள். கல் தளவரிசை என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வழவழப்பில்தான் நான் ஏமாந்தேன். முதல் தடவை போனபோது, பின்னால் கூம்பு தெரிய ஒரு ஃபோட்டோ எடுக்கலாமென்று பைக்கைச் சாலையை விட்டு இருபதடி உள்ளே இறக்கினேன். அது செய்யக்கூடாத காரியம், சட்டப்படியும் தப்பு. ஸ்டாண்டைப் போட்டு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பைக் மெதுவாகச் சாய்ந்து படுத்துவிட்டது. இருநூறு கிலோவுக்கு மேலே. தூக்கி நிறுத்திவிட்டுப் பார்த்தால், ஸ்டாண்டு குத்திய இடத்தில் கல் வெறும் ஒரே அடுக்கு. அதற்குக் கீழே வெளிறிய மாவு மாதிரி மண். பிட்டுப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி போலத் துளைத் துளையாக இருந்தது.

லாவா மேல் மாவு எங்கிருந்து வந்தது? மாவுக்கு மேலே கல் எப்படி வந்தது?

எனக்குத் தோன்றிய முதல் பதில், பொரி டப்பாவைக் குலுக்கினால் கடலை மேலே வருமே, அது. பழைய புத்தகங்களில் வேறு பதில்: காற்று பொடியை ஊதிக்கொண்டு போக, கனமான கல் மட்டும் மிஞ்சியது. இரண்டுமே இங்கே சரிவரவில்லை.

சரியான பதிலைக் கண்டுபிடித்தது இதே சிமாவில்தான். ஸ்டீபன் வெல்ஸ், லெஸ்லி மெக்ஃபேடன் குழுவினர் 1995-ல் ஜியாலஜி இதழில் எழுதினார்கள். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பாறை அணுக்களை மோதும்போது ஹீலியம்-3 உண்டாகிறது. அது லாவாவிலுள்ள ஒலிவின் படிகங்களுக்குள் சிக்கிச் சேர்ந்துகொண்டே போகும். மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்த கல்லில் அவ்வளவு சேராது. எங்க தொழில் பாஷையில் சொன்னால், எத்தனை காலம் வெயிலில் கிடந்தோமென்று ஒவ்வொரு கல்லும் லாக் எழுதி வைத்திருக்கிறது. தளவரிசைக் கற்களின் கணக்கும், மூடப்படாமல் வெளியே நிற்கும் லாவாப் பாறையின் கணக்கும் ஒத்துப்போனது. அப்படியென்றால் இந்தக் கற்கள் ஒருநாளும் புதைந்ததே இல்லை! பாறை உடைந்த நாளிலிருந்து மேலேயேதான் இருந்திருக்கின்றன.

புழுதிதான் கீழே போயிருக்கிறது. மேற்கே வறண்டு கிடக்கும் சோடா ஏரி போன்ற படுகைகளிலிருந்து காற்று மென்புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். கரடான லாவா அதைப் பிடித்துக்கொள்ளும். எப்போதாவது பெய்யும் மழை அதைக் கல்லிடுக்கில் கழுவி இறக்கும். ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கும் மண் கல்லை மயிரிழை மயிரிழையாகத் தூக்கும். உள்ளே மாட்டிய காற்றுதான் அந்த ஆப்பத் துளைகள். இப்படியே ஒரு மீட்டருக்கும் மேல் மண் சேர்ந்தாலும் கல் மிதந்துகொண்டே மேலேறும். பாறையின் பள்ளங்கள் நிரம்பி, மேடுகள் நொறுங்கிச் சமதளமாகிறது. அதாவது நான் பைக் நிறுத்தியது லாவா மேல் இல்லை, பழைய ஏரிகளின் புழுதி மேல்.

தெற்கே ரூட் 66-க்குப் பக்கத்திலுள்ள ஆம்பாய் எரிமலையைப் பார்த்தால் ஒப்பிட வசதி. குளோரின்-36 அளவீட்டின்படி அதற்கு வயது சுமார் 79,000. இதுவும் காஸ்மிக் கதிர்க் கணக்குதான். எரிமலை வயதில் குழந்தை. லாவாவின் பள்ளங்களில் மணல் இப்போதுதான் சேர்ந்துகொண்டிருக்கிறது. கூம்பின் கிழக்கே மட்டும், காற்றின் போக்கில், மணல் தங்காத கறுப்புப் பட்டை ஒன்று நீளும். செவ்வாய் கிரகத்துப் படங்களிலும் பள்ளங்களுக்குப் பின்னால் இதே மாதிரிப் பட்டைகள் தெரிந்ததால் ஆய்வாளர்கள் இங்கே வந்து அளந்தார்கள்.

1942-ல் ஜெனரல் பேட்டன் இந்தப் பாலைகளில் டாங்கிப் பயிற்சி தொடங்கினார். அந்தத் தடங்கள் பல இடங்களில் இன்னும் தெரிகின்றன. கல் அடுக்கு ஒருதரம் புரண்டுவிட்டால் சீக்கிரம் திரும்ப அடுக்கிக்கொள்வதில்லை.

ரெண்டு வருஷம் கழித்து அதே வழியாகப் போனேன். இந்தத் தடவை பைக்கை சாலையோர விரிவிலேயே நிறுத்தி, ஸ்டாண்டுக்கடியில் ஒரு தட்டைத் தகரம் வைத்துவிட்டு, தார் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவில் வெளிறிய கோடாக என் டயர்த் தடம் இருபதடிக்கும் அப்படியே இருந்தது. கடைசியில் பைக் படுத்த இடம்கூட ஹேண்டில்பார் அகலத்துக்குத் தெரிந்தது.