தடுக்க வேண்டிய களிமண் வழுக்கியது

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்கே கடலடிப் பிளவு ஒன்று நழுவியது. ஜப்பான் அகழியின் அருகே நகர்வு ஏறத்தாழ 50 மீட்டர். எழும்பிய கடல்தரை தள்ளிவிட்ட நீர், சில இடங்களில் 40 மீட்டர் உயரம்வரை கரையேறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 18,000 பேருக்கு மேல்.

அறிவியலாளர்களைத் திகைக்க வைத்தது அந்த நகர்வு நடந்த இடம். பசிபிக் தட்டு ஆண்டுக்கு எட்டு செ.மீ.க்கு மேல் ஜப்பானுக்கு அடியில் நுழைகிறது. ஆழத்தில் பாறைகள் உராய்வால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் விசை சேர்ந்துகொண்டே போகும். பிடி விடும்போது நிலம் நடுங்கும். அகழியை ஒட்டிய மேற்பகுதியிலோ மென்மையான களிமண். வேகம் கூடினால் களிமண்ணில் உராய்வும் கூடும், கீழிருந்து வரும் நகர்வு அங்கே அடங்கிவிடும் என்பதே அன்றைய கணிப்பு. நடந்தது நேர்மாறு.

காரணம் தேடி, 2012இல் 'சிக்யூ' என்ற ஜப்பானியத் துளையிடும் கப்பல் அங்கே போனது. கிட்டத்தட்ட 6,900 மீட்டர் நீருக்குக் கீழே, கடல்தரையை 800 மீட்டருக்கு மேல் துளைத்தார்கள். பிளவுப் பகுதி ஐந்து மீட்டர் தடிமன்கூட இல்லை; அதில் பெரும்பங்கு ஸ்மெக்டைட் என்னும் வழவழப்பான களிமண். துளைக்குள் வெப்பமானிகளையும் இறக்கி வைத்தார்கள். உராய்ந்த இடத்தில் சூடு பிறந்திருக்க வேண்டும், அதன் மிச்சமாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை. கிடைத்தது: சுற்றுப்புறத்தைவிட 0.31 டிகிரி செல்சியஸ் கூடுதல். அவ்வளவு பெரிய நகர்வுக்கு இது மிகச் சிறிய சூடு. அதை வைத்துக் கணக்கிட்ட உராய்வுக் கெழு சுமார் 0.08. சாதாரணப் பாறைகளுக்கு இது 0.6க்கு மேல்.

களிமண் தன் இயல்பிலேயே வலுவற்றது. வேகமாக நழுவியபோது அதற்குள் அடைபட்ட நீர் சூடேறி விரிந்து, வெளியேற வழியில்லாமல் பிடியை மேலும் தளர்த்தியிருக்கிறது. தடை என்று நம்பியதே நகர்வுக்கு வழிவிட்டது. கடலோர மக்களின் பாதுகாப்பைக் கணிப்பவர்கள் இனி மென்மையான வண்டலை நம்பி இருக்க முடியாது.

எல்லா அகழியிலும் கதை ஒன்றல்ல. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் இலங்கைக் கரைகளையும் அழித்த அலைகள் சுமத்ரா பிளவில் பிறந்தவை. 2016இல் அங்கே துளையிட்டபோது, வண்டலிலுள்ள கனிமங்கள் அகழியை எட்டுமுன்பே நீரை இழந்துவிடுவதற்கான தடயம் கிடைத்தது. கிலோமீட்டர்க்கணக்கில் தடித்த வண்டலின் எடையும் சூடும் அதற்குக் காரணம். இறுகி வலுப்பெற்ற அந்த வண்டல், அகழிக்கு அருகிலேயே விசையைத் தேக்க வல்லது.

2024இல் 'சிக்யூ' மீண்டும் ஜப்பான் அகழிக்குப் போனது. பெருநகர்வுக்குப் பிறகு அந்தப் பிளவில் விசை எவ்வளவு திரும்பச் சேர்ந்திருக்கிறது என்று அறிய அங்கே புதிதாகத் துளையிட்டார்கள்.