கோதுமையை மறுபடியும் முதல்ல இருந்து செஞ்சவங்க

நாம சாப்பிடுற சப்பாத்திக் கோதுமை காட்டுல தானா இருந்த செடி கிடையாது. வயல்ல தற்செயலா பிறந்தது. சுமார் 8,000, 10,000 வருஷத்துக்கு முன்னாடி, காஸ்பியன் கடல் பக்கம், மக்கள் பயிரிட்ட எம்மர் கோதுமையும் (நம்ம கடையில சம்பா கோதுமைன்னு விக்கிறது இந்த வகைதான்) களையா நின்ன ஒரு காட்டுப்புல்லும் தானாவே கலந்துடுச்சு. எம்மர்ல 28 குரோமோசோம், புல்லுல 14. ஆக 42.

கோட் எழுதுறவங்க பாஷையில, ரெண்டு பிராஞ்ச் மெர்ஜ் ஆச்சு. ஆனா அது ரொம்ப சில தடவைதான் நடந்திருக்கு. அந்தப் புல்லு துருக்கியில இருந்து மேற்கு சீனா வரைக்கும் விதவிதமா வளருது. வறட்சி தாங்குறது இருக்கு, நோயை எதிர்க்கிறது இருக்கு. கோதுமைக்குள்ள வந்தது அதுல ஒரு துளி.

பிற்பாடு நல்ல ரகத்தை நல்ல ரகத்தோட சேர்த்துச் சேர்த்து விளைச்சலை ஏத்தினோம். சரிதான், ஆனா இருக்குற ஜீன்களையே மாத்தி அடுக்குறோம். ஒரே ரகம் ஊரெல்லாம் நிக்கும்போது துரு நோய்ப் பூஞ்சை அதோட பூட்டைத் திறந்துட்டா, மொத்த வட்டாரமும் காலி.

அதனால 1980கள்ல இருந்து மெக்சிகோவில இருக்குற சிமிட் ஆராய்ச்சி மையம் அந்தப் பழைய மெர்ஜையே திரும்ப செய்ய ஆரம்பிச்சாங்க. பாஸ்தா செய்யுற டியூரம் கோதுமையில புல்லோட மகரந்தத்தைச் சேர்ப்பாங்க. உருவாகுற கரு விதைக்குள்ள பிழைக்காது. வெளிய எடுத்து லேப்ல வளர்க்கணும். அந்தச் செடியில 21 குரோமோசோம்தான், எதுக்கும் ஜோடி இல்ல, அதனால பெரும்பாலும் மலடு. கால்ச்சிசின் கொடுத்தா இரட்டிப்பாகி 42 ஆயிடும். (நம்ம மாநிலப் பூ செங்காந்தள்ல இருக்கே, அதே கால்ச்சிசின்.)

என்னைக் கேட்டா, நிஜமான கஷ்டம் இதுக்கப்புறம்தான். புதுக் கோதுமை பாதி காட்டுச்செடி. உமி கெட்டி, அடிச்சாலும் மணி லேசுல பிரியாது. அதனால நல்ல ரகத்தோட திரும்பத் திரும்பக் கலந்து, வேண்டாததை ஒவ்வொரு தலைமுறையிலயும் கழிக்கணும். இதுக்கு வருஷக்கணக்குல ஆகும்.

பலன்? சீனாவோட சிச்சுவான்ல 2003ல சுவான்மாய் 42ன்னு ஒரு ரகம் வந்தது. மஞ்சள் துரு நோயை எதிர்த்தது, சோதனை வயல்கள்ல ஒப்பீட்டு ரகத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல விளைஞ்சது. இப்போ அதையே பெற்றோரா வச்சு அடுத்த ரகங்களும் வந்தாச்சு.