குறை சொல்லப் பலர். கை கொடுக்க ஒரு பர்னபா!

ஞாயிறு காலை ஆராதனை முடிந்த நேரம். பெங்களூரில் தமிழர்கள் கூடும் ஓர் ஆலயத்தின் வாசல்.

ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். திருநெல்வேலிச் சீமையில் இருந்து பிழைப்பு தேடி வந்தவர். குடியால் வேலையை இழந்தவர். குடியை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் ஆலயத்துக்கு வந்திருந்தார்.

"என்னப்பா, கோவிலுக்கு வழி தெரிஞ்சிட்டுதா?" என்று கேட்டார் சபைப் பெரியவர் ஒருவர்.

"கிட்டப் போய் மோந்து பாருங்க" என்றார் இன்னொருவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த ஞாயிறு அந்த இளைஞர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

யாரும் நம்பவில்லை

ஆதித் திருச்சபையிலும் இப்படி ஒரு நிலைமை வந்தது.

வீடு வீடாகப் புகுந்து விசுவாசிகளை இழுத்துச் சென்று சிறையில் அடைத்தவர் சவுல். தமஸ்குவுக்குப் போகும் வழியில் அவர் மனம் மாறினார். பின்னர் எருசலேமுக்கு வந்து சீடர்களோடு சேரப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. எல்லோரும் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

ஒருவர் மட்டும் அவரைக் கையோடு அப்போஸ்தலர்களிடம் அழைத்துச் சென்று, அவருக்காகப் பேசினார். அவர்தான் பர்னபா.

சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியர் அவர். இயற்பெயர் யோசே. ஆறுதல் தருபவர் என்ற பொருளில் அப்போஸ்தலர்கள் சூட்டிய பெயரே பர்னபா.

பிறகு அந்தியோகியாவில் சபை வளர்ந்தபோது, தர்சு பட்டணம் வரை போய்ச் சவுலைத் தேடி அழைத்து வந்தவரும் அவரே. இருவரும் ஓராண்டு அங்கே போதித்தார்கள். சீடர்களுக்குக் "கிறிஸ்தவர்கள்" என்ற பெயர் முதன்முதலாக வழங்கியது அந்த ஊரில்தான். அந்தச் சவுலே பவுல்!

பாதியில் திரும்பியவர்

பவுலும் பர்னபாவும் மேற்கொண்ட முதல் ஊழியப் பயணத்தில் பாதியிலேயே திரும்பிவிட்டார் யோவான் மாற்கு. அடுத்த பயணத்துக்கு அவர் வேண்டாம் என்றார் பவுல். இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம் என்றார் பர்னபா. வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார்.

மாற்கு வீண்போகவில்லை. ஊழியத்துக்கு அவர் பயன்படுவார், அழைத்து வா என்று பிற்காலத்தில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதியவர் அதே பவுல். இரண்டாவது சுவிசேஷத்தை எழுதியவர் இந்த மாற்குவே என்பது திருச்சபையின் மரபு.

கண்டிப்பு வேண்டாமா?

வேண்டும். பர்னபாவே ஒருமுறை அந்தியோகியாவில் தடுமாறினார். புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிடாமல் விலகியவர்களோடு அவரும் சேர்ந்துகொண்டார். பவுல் அதைத் தவறு என்று முகத்துக்கு நேரே பேசினார்.

முகத்துக்கு நேரே திருத்துவது வேறு. வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சிரிப்பது வேறு. முதலாவது ஆளை மீட்கும். இரண்டாவது ஆளை விரட்டும்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஆலயம்தான் ஊர். அங்கே உள்ளவர்களே உறவு. அங்கும் முகம் சுளித்தால் அவர்கள் போவது எங்கே?

தேடிப் போன அம்மா

அந்த இளைஞரைப் பற்றி முதலில் கேட்டவர் எங்கள் சபையின் வயதான அம்மா ஒருவர். "அந்தத் தம்பி ரெண்டு வாரமா வரலையே, யாராச்சும் போய்ப் பார்த்தீங்களா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

அன்று மாலையே அல்சூரில் அவர் தங்கியிருந்த அறைக்குப் புறப்பட்டார் அந்த அம்மா. துணைக்கு நான் போனேன். அந்த அம்மா புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். அவர் கண் கலங்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது அவர் ஆலயத்துக்கு வருகிறார். சில ஞாயிறுகளில் அவர் இடம் காலியாகவும் இருக்கிறது. அப்போது யாரும் சிரிப்பதில்லை. மாலையில் யாராவது ஒருவர் தேடிப் போகிறோம்.