உயரம் குறைத்த கெப்பும் மாற்றிய புகைக்குழாயும்: சட்டம் எதை அளக்க வேண்டும்?

2025 ஜனவரியில், வாகனங்களில் மேலதிகமாகப் பொருத்தப்பட்ட பாகங்களை அகற்றும் நடவடிக்கையை இலங்கைப் பொலிஸார் 'க்ளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு சேர்த்துத் தொடங்கினார்கள். கண்ணைக் கூசும் விளக்குகள், காதைத் துளைக்கும் ஹோர்ன்கள் ஆகியவற்றோடு, அதிக சத்தம் எழுப்பும் சைலன்சர்களும் அதில் அடங்கின. வடக்கில் இதைப் பற்றி நான் பேசியவர்களிடம் இரண்டு மனநிலைகளைக் கண்டேன். இரவில் வீதியில் கேட்கும் அந்த வெடிச்சத்தம் நின்றால் போதும் என்றார்கள் பெரியவர்கள். வீதியில் மறிப்பது என்றால் முதலில் மறிக்கப்படுவது நாங்கள்தான் என்றார்கள் இளைஞர்கள். இரண்டும் எங்கள் அனுபவத்திலிருந்து வருகிற பேச்சுத்தான். ஷெல் சத்தத்தோடு வாழ்ந்தவர்களின் காதும், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியவர்களின் நினைவும் அவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன.

இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க உதவும் ஒரு கதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கிறது. அது தரையோடு தரையாக இறக்கப்பட்ட வாகனங்களின் கதை. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த வாகனங்களின் அடியில் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

குழாயை ஏன் மாற்றுகிறார்கள்?

எஞ்சினுக்குள் எரிபொருள் எரிந்து முடிந்ததும் புகை வெளியேறும் முதல் வழி, தொழிற்சாலை பொருத்தி அனுப்பும் 'மெனிஃபோல்ட்'. பழைய வாகனங்களில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. எல்லா சிலிண்டர்களின் புகையும் அதற்குள் உடனேயே ஒன்றாகக் கலந்துவிடும. மலிவானது, நீண்ட காலம் உழைக்கும், இடத்தையும் அடைக்காது. ஆனால் ஒரு சிலிண்டரின் புகை மற்றதன் வழியை மறிக்கும்.

அதற்குப் பதிலாகப் பொருத்துவதுதான் 'ஹெடர்'. இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி உருக்குக் குழாய். அவை கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வளைந்து வந்து 'கலெக்டர்' என்ற தடித்த குழாயில் சேரும். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாகப் பாயும் புகை தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை விட்டுச் செல்கிறது. குழாய்களின் நீளமும் விட்டமும் சரியாக அமைந்தால், அந்தக் குறைவு அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்தெடுக்கும். எஞ்சினுக்கு மூச்சுவிடுவது இலகுவாகும். குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது பிழை. அளவுக்கு மிஞ்சி அகலமானால் புகையின் வேகம் குறையும்; மெதுவாக ஓடும்போது இழுவையும் குறையும்.

தரைக்கும் குழாய்க்கும் இடையில்

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பெயர்போன வாகனங்களில் ஒன்று ஷெவர்லே சி-10. அங்கே பிக்கப், எங்கள் பேச்சில் கெப். வி-8 எஞ்சின் என்றால் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள். ஆகவே இரண்டு ஹெடர்கள், எட்டுக் குழாய்கள். 1980களில் டொயோட்டா, மஸ்டா போன்ற சிறிய ஜப்பானிய கெப்களையும் இப்படி இறக்கத் தொடங்கினார்கள்.

உயரம் குறைக்க, முன்பக்கத்தில் சில்லைத் தாங்கும் பாகத்தை மாற்றுவார்கள். பின்பக்கத்தில் ஸ்பிரிங் தகடுகளுக்குக் கீழே இருக்கும் அச்சை அவற்றுக்கு மேலே கொண்டுவருவார்கள். அச்சு எழும்பும்போது இடிக்காமலிருக்க, சட்டகத்தை அந்த இடத்தில் வெட்டி, இரும்புத் தகடு வைத்து ஒட்டி வலுவூட்டுவார்கள். இன்னும் சிலர் ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டுக் காற்றுப்பை வைப்பார்கள். காற்றை இறக்கினால் சட்டகம் நிலத்தில் படுத்துவிடும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நீளமான ஹெடர் இழுவைக்கு நல்லது. ஆனால் அதன் கலெக்டர் பல வாகனங்களில் சட்டகத்தைவிடத் தாழ்வாகத் தொங்கும். சாதாரண உயரத்தில் அதனால் பாதிப்பில்லை. நான்கைந்து அங்குலம் இறக்கிய வாகனத்தில் அதுவே நிலத்துக்கு மிகக் கிட்டிய பாகமாகிவிடும். முதலாவது வேகத்தடையிலேயே அடிவாங்கும். நசுங்கினால் புகை அடைபடும். நெம்பினால் எஞ்சினோடு பொருந்தும் தட்டு வளையும், போல்ட் முறியும்.

அதனால் அனுபவமுள்ளவர்கள் எஞ்சினோடு ஒட்டிக்கிடக்கும் குட்டையான ஹெடரைத் தேர்கிறார்கள். சக்தியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து இடைவெளியை வாங்குகிறார்கள். அங்கிருந்து பின்னால் போகும் குழாயை, முடிந்த இடத்தில் குறுக்குச் சட்டத்துக்கு மேலாக எடுக்கிறார்கள். இடம் போதாவிட்டால் வட்டக் குழாய்க்குப் பதிலாக முட்டை வடிவக் குழாய் வைக்கிறார்கள். இடைவெளியை அளப்பதும் ஜக்கில் தூக்கி வைத்தல்ல. பாரம் ஏற்றி, வாகனம் மிகத் தாழ்ந்து நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். ஒரு டயரில் காற்றுப் போனால் குழாய் நிலத்தில் தட்டுமா என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

பொருத்தும் ஒழுங்கு

பழைய போல்ட்டுகள் பல ஆண்டு வெப்பத்தில் இறுகிப் போயிருக்கும். முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் போல்ட் எஞ்சினுக்குள்ளேயே முறியும். அதைத் துளைத்தெடுப்பது மற்ற எல்லா வேலையையும்விடப் பெரிய வேலை. பற்றரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் எவரும் படுக்கக் கூடாது, உறுதியான தாங்கிகள் வேண்டும்.

புதிய கேஸ்கட் வைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் சில சுற்றுகள் ஏற்றிவிட்டு, பிறகு நடுவிலிருந்து இரு பக்கமும் மாறிமாறி இறுக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து இறுக்கிக்கொண்டு போனால் தட்டு ஒரு பக்கம் எழும்பி நிற்கும். ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், ஸ்டார்ட்டர் மோட்டார், பிளக் வயர் ஆகியவற்றுக்கும் ஹெடருக்கும் இடையில் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் வேகமெடுக்கும்போது தன் தாங்கிகளில் சற்றுத் திரும்பும். நிற்கும்போது தட்டாத குழாய் ஓடும்போது தட்டலாம். கடைசியாக, எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, ஆறவிட்டு, போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும்.

அந்த வெடிச்சத்தம்

எங்கள் வீதிகளில் கேட்கும் வெடிச்சத்தம் எஞ்சினின் பலத்தைக் காட்டுவதில்லை. எஞ்சினுக்குள் எரியாமல் தப்பிய எரிபொருள், சூடான புகைக்குழாய்க்குள் காற்றோடு சேர்ந்து தீப்பற்றும் சத்தம் அது. இணைப்பில் ஒழுக்கு இருந்தால் வேகம் குறைக்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுபட்டு இப்படி வெடிக்கும். சிலர் வேண்டுமென்றே எஞ்சினை அப்படி வெடிக்கும்படி அமைப்பதும் உண்டு. இரண்டிலும் செலவாவது உரிமையாளரின் பெற்றோல்தான்.

ஒழுக்கில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது வாகனத்துக்குள் புகுந்தால் உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றும், பிறகு நினைவு தப்பும், உயிரும் போகலாம். ஹெடர் போட்டால் சத்தம் வரத்தானே செய்யும் என்று சொல்வதும் முழு உண்மையல்ல. வெளியே கேட்கும் சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பின்னால் இருக்கும் சைலன்சர். ஹெடர் பொருத்தி, நல்ல சைலன்சரும் வைத்த வாகனம் அமைதியாகவே போகும்.

உயரத்தை அளந்த சட்டம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், தெற்குக் கலிபோர்னியாவின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் பழைய ஷெவர்லே கார்களை வாங்கி, பின்பெட்டியில் மணல் மூட்டை வைத்தும் ஸ்பிரிங்கை வெட்டியும் இறக்கினார்கள். வேகமாக ஓடுவது அவர்கள் நோக்கமல்ல. மெதுவாக, ஊர் பார்க்க ஓடுவதே பெருமை.

1950களின் இறுதியில் கலிபோர்னியா ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது. மாற்றியமைத்த வாகனத்தின் எந்தப் பாகமும் சில்லின் உலோக வளையத்தின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது. தொங்கும் கலெக்டர் ஒன்றே தண்டத்துக்குப் போதும். 1959இல் ரொன் அகிர்ரே என்பவர் விமானங்களுக்குரிய பழைய ஹைட்ரோலிக் பம்புகளைத் தன் கொர்வெட் காரில் பொருத்தினார். பொலிஸைக் கண்டால் காரை உயர்த்தலாம், போனபின் இறக்கலாம். 1980களில் வந்த இன்னொரு சட்டம், வீதிகளில் இப்படி உலா வருவதைத் தடைசெய்யும் அதிகாரத்தை நகரங்களுக்குக் கொடுத்தது.

எழுத்தில் இவை எல்லோருக்கும் பொதுவான சட்டங்கள். நடைமுறையில் தங்களை மறிக்கவே அவை பயன்பட்டன என்று அந்தச் சமூகத்தினர் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். 2023இல் மாநிலச் சட்டமன்றம் அதை ஏற்று, 2024 ஜனவரி 1 முதல் இரண்டு பிரிவுகளையும் நீக்கியது. 60 ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

ஆனால் சத்தத்துக்கும் புகைக்கும் அங்கே விலக்குக் கிடைக்கவில்லை. சாதாரண கார், சிறிய கெப் ஆகியவற்றின் மாற்றிய சைலன்சருக்கு 95 டெசிபல் என்ற எல்லை இருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வாகனத்தில் போடும் ஹெடருக்கு மாநிலக் காற்றுவள சபையின் அனுமதி இலக்கம் வேண்டும். உயரத்துக்கும் ஓட்டுபவருக்குமான தண்டனை போனது. அயலவருக்குத் தீங்கு செய்வதன் அளவு நின்றது.

எங்களுக்கு இதில் என்ன?

வாகனத்தை மாற்றியமைப்பது எங்களுக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தின் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் உயிர்கொடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எங்கள் மெக்கானிக்மார் அதைச் செய்தது ஆசைக்கல்ல, வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் போய்ச் சேர. அந்தக் கைகளிடம் பழகியவர்கள் இன்றும் எங்கள் கராஜ்களில் வேலை செய்கிறார்கள்.

அந்தத் திறமையைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. அதேநேரம், பதுங்குகுழியில் இரவுகளைக் கழித்த ஒரு தாய், நள்ளிரவில் ஒரு சைலன்சர் வெடிக்கும்போது எழுந்து உட்கார்வதை விளையாட்டாக எடுக்கவும் முடியாது. எங்களிடம் புகைப் பரிசோதனை ஏற்கனவே இருக்கிறது. அதில் சித்தியடையாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. சத்தத்தையும் அதுபோல வீதியில் கருவி வைத்து அளந்து, எண்ணை எழுதிக் கொடுத்துத் தண்டம் விதித்தால், பெரியவர்களின் தூக்கமும் காக்கப்படும், மறிக்கப்படும் இளைஞனும் ஏன் மறிக்கப்பட்டான் என்று அறிவான். பொலிஸ்காரரின் கண்ணும் காதும் மட்டுமே அளவுகோலாக இருக்கும்வரை, சரியாகப் பொருத்திய குழாயும் பிழையாகப் பொருத்திய குழாயும் ஒன்றாகவே கழற்றப்படும்.